மலைப்பாம்பு வேண்டாம் என்றார்கள்

செண்பகனூர்ப் பக்கம் ஒரு சிறிய ஆலயத்தில் மணி அடிப்பதும் பெஞ்சு துடைப்பதும் என் வேலை. படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஓய்வு நேரத்தில் வேதாகமத்தை விரித்து வைத்துக்கொண்டு, எந்தச் சொல் எங்கெங்கே வருகிறது என்று நோட்டில் எழுதி வந்தேன். பதினான்கு வருடத்தில் ஒன்பது நீள நோட்டு சேர்ந்தது. 'மரம்' என்று தலைப்புப் போட்டால் அதன் கீழேயே மரத்தை, மரத்தின், மரங்களில் என்று எல்லாம் இருக்கும்.

ஜெபக்கூட்டத்தில் பேச வேண்டியவர்கள் என்னைத் தேடி வருவார்கள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. பக்கத்தைப் பிரித்துக் காட்டிவிட்டு நகர்ந்துகொள்வேன்.

ஒருநாள் போதகர் அந்த நோட்டுகளைப் பார்த்துவிட்டு, இதையெல்லாம் போனிலும் கம்ப்யூட்டரிலும் படிக்கும்படி செய்துவிடலாம் என்றார். எனக்கு அன்று முழுவதும் கால் தரையில் நிற்கவில்லை. அதற்காக ஒரு கூட்டம் போட்டார்கள். என்னையும் உட்காரச் சொன்னார்கள்.

எங்கள் சபையில் ஒரு பெண் வீட்டிலிருந்தபடியே பெங்களூர் கம்பெனிக்கு வேலை செய்கிறார். அவர்தான் முதலில் என்னிடம் கேட்டார்.

"அண்ணே, நோட்டு உங்களோடது. எந்த மொழியில எழுதலாம்னு நீங்களே சொல்லுங்க."

"தமிழ்லதாங்க," என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். சபைப் பொருளாளர் என் முதுகில் தட்டினார். "ஏலே, கம்ப்யூட்டருக்குச் சொல்ற மொழியக் கேக்குறாங்க. அது என்ன ஒன்னய மாதிரி அஞ்சாப்போட நின்னுருச்சா?"

அதற்குப் பிறகு நான் நிமிரவில்லை.

பள்ளியில் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்கும் வாத்தியார் பேசினார். "தமிழ் வார்த்தைய வேரு வரைக்கும் பிரிக்கிறதுக்கு நான் ஒரு மொழியில பாதி வேல செஞ்சு வச்சிருக்கேன். அண்ணன் நோட்டு அப்படியே உள்ள வந்துரும். ஆனா போனுக்குக் கொண்டுவர ஒரு வருசமாச்சும் ஆகும்."

அந்தப் பெண் மறுத்தார். "நான் சொல்ற மொழியில ஒருக்க எழுதினாப் போதும் சார். எந்தப் போனுலயும் ஓடும், கம்ப்யூட்டர்லயும் ஓடும். தேடுற வசதியும் ரெடியா கெடக்கு, அடிச்ச வார்த்த வேதத்துல அப்படியே எங்கெங்க இருக்கோ காட்டிரும். ஒம்பது நோட்ட உக்காந்து டைப் அடிக்க வேண்டியதில்ல. வெரசா முடிச்சிரலாம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மொழி என்றால் என் நோட்டு இல்லை.

பொருளாளர் வாத்தியாரிடம் கேட்டார். "ஒங்க மொழிக்கு என்ன பேரு சார்?"

"பைத்தான்."

"அப்படின்னா?"

"மலைப்பாம்புங்க."

"ஐயையோ! ஏதேன் தோட்டத்துல ஒரு பாம்பு பேசுனதக் கேட்டுப் பட்டது போதாதா? வேதத்துக்குள்ள இன்னொண்ண விடணுமா? பாப்பா, ஒன்னோட மொழி?"

"டார்ட். அம்பு மாதிரிங்க அங்கிள்."

"அம்புன்னா தேவலயே!"

போதகர்கூட வாய்விட்டுச் சிரித்தார். "பேருக்கும் பாம்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லீங்க," என்றார் வாத்தியார். "சும்மா வெளாட்டுக்குச் சொன்னேன் சார்," என்றார் பொருளாளர். விளையாட்டுதான். ஆனால் அதன்பின் மலைப்பாம்பைப் பற்றி யாரும் பேசவில்லை.

"யாருக்காவது வேற கருத்து இருக்கா?" என்று போதகர் சுற்றிப் பார்த்தார். மரம் என்று தேடினால் மரத்தில் என்பது கிடைக்காதே என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பாதி எழுந்தும் விட்டேன். எல்லார் முகமும் என் பக்கம் திரும்பியது.

"என்னண்ணே, ஏதாச்சும் சொல்லணுமா?" என்றார் அந்தப் பெண், அன்பாகத்தான்.

"இல்லம்மா, டீ ஆறிப்போச்சான்னு பாத்தேன்."

எழுந்ததற்கு டம்ளர்களை எடுத்துக் கழுவினேன்.

அந்தப் பெண் சொன்னபடியே வெரசாக, அவருடைய அம்பு மொழியில் இரண்டே மாதத்தில் முடித்துவிட்டார்கள். எழுத்து பெரிதாக, பார்க்க அழகாக இருந்தது. எல்லார் போனிலும் ஏறியது. நோட்டுக் கேட்டு வருவது நின்றது.

போன வாரம் வில்பட்டியிலிருந்து ஒரு அம்மா வந்தார். பூண்டு வயலில் வேலை செய்பவர். மகளை இழந்த ஒரு வீட்டில் மறுநாள் அவர் ஜெபம் நடத்த வேண்டும். போனை என் முன்னால் நீட்டினார்.

"அண்ணே, கண்ணீர்னு தேடுனா கொஞ்ச எடந்தான் காட்டுது. வேதத்துல அழுக இம்புட்டுத்தானா?"

கண்ணீரை, கண்ணீரால், கண்ணீரோடே. என் நோட்டில் அது இரண்டு பக்கத்துக்கு மேல் போகும். அந்த வீட்டில் வாசிக்க வேண்டியது எது என்பதுகூட எனக்குத் தெரியும். "அது வந்துங்கம்மா..." என்று ஆரம்பித்தேன். அந்த வழியாக வந்த போதகர் போனை எட்டிப் பார்த்தார்.

"நம்ம சாப்ட்வேர்தானம்மா? அது ஒண்ணையும் விடாது. நீ என்னப்பா சொல்ற?"

"ஆமாங்கய்யா," என்றேன்.

அந்த அம்மா போனில் கண்டதை மட்டும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.