இரண்டாவது வெட்டு

வாய்க்கால் ஷட்டரைத் திறந்து மூடுவது என் வேலை. திறந்தால் ஒரு ஊர் திட்டும், மூடினால் இன்னொரு ஊர் திட்டும். என்னைப் போல நடுவில் நின்று பிழைப்பவர்கள் இதைப் படித்தால் ஒரு பெருமூச்சு விட்டுக்கொள்ளுங்கள்.

தூணில் இருந்தது

போடிக்கு மேலே, கொட்டகுடி ஆற்றில் பழைய கல் அணை. அதற்குச் சற்று மேலே பழைய பாலம். அதன் நடுத்தூணில் யாரோ உளியால் மூன்று வெட்டு போட்டிருந்தார்கள். இரண்டாவது வெட்டைத் தண்ணீர் தொட்டால் வாய்க்காலை மூடிவிட்டு, ஆற்று ஷட்டரைத் தூக்க வேண்டும்.

வாய்க்காலோரம் பேச்சியம்மாளின் வயல். வாய்க்கால் மிஞ்சினால் பழைய அரிசி மில்லின் சுவர் தண்ணீரை மறித்து அந்த வயலிலேயே நிறுத்திவிடும். நான் வேலைக்கு வந்த அன்றே பேச்சியம்மாள் சொல்லிவிட்டார்: "அண்ணே, நீங்க என்னயப் பாக்க வேணாம். அந்த வெட்டப் பாத்துக்கிருங்க, போதும்."

வழவழப்பு

போன வருஷம் பாலத்தைப் பழுது பார்த்தார்கள். தூணுக்குச் சிமெண்டு பூசியபோது பக்கத்திலேயே நின்றேன். கொத்தனாருக்கு டீ வாங்கிக் கொடுத்து, வேலை சுத்தம் என்று பாராட்டவும் செய்தேன். மூன்று வெட்டும் உள்ளே போனது எனக்கு உறைக்கவே இல்லை. கொத்தனாருக்கு ஒரே சந்தோஷம். "தடவிப் பாருங்க சார், கண்ணாடி மாதிரி இருக்கும்."

அரை மணி நேரம்

ஐப்பசியில் ஒரு மத்தியானம், மலையில் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பு டிரைவர் போன் செய்தார், மேலே பலத்த மழை என்று. பாலத்துக்கு ஓடினேன். தூண் மொட்டையாக நின்றது. கீழே எல்லோரும் தண்ணீருக்குக் காத்திருந்த நேரம். அவசரப்பட்டு மூடினால் திட்டு விழும். கொஞ்சம் பார்ப்போம் என்று அரை மணி நேரம் நின்றேன்.

நான் மூடுவதற்குள் வாய்க்கால் மிஞ்சி, மில் சுவரில் முட்டி, பேச்சியம்மாளின் நாற்றங்காலை வண்டல் மூடிவிட்டது. மறுபடி விதைக்க அவரிடம் நெல் இல்லை. எனக்கு அவமானமாக இருந்தது. அவர் சத்தமே போடவில்லை. "பூசுறப்ப பக்கத்துல நின்னது நீங்கதானண்ணே."

ஒரு சாண்

ராசிங்காபுரத்தில் ஒருவரிடம் மிஞ்சிய நாற்றைக் கேட்டு வாங்கி பேச்சியம்மாள் வயலில் இறக்கினேன். பிறகு உளியோடு பாலத்துக்குப் போனேன். அவரும் கூடவே வந்தார். வெள்ளம் ஏறிய மட்டம் புதுப் பூச்சில் சேற்றுக் கோடாகத் தெரிந்தது. சரியாக அதன்மேல் உளியை வைத்தேன். அவர் குனிந்து கீழே தொட்டுக் காட்டினார். "அது நாத்து போன மட்டம்ணே. ஒரு சாண் கீழ வெட்டுங்க."

ஷட்டர் சாவி இன்றைக்கும் என்னிடம்தான் இருக்கிறது. உத்தரவு போடுவது பேச்சியம்மாள் காட்டிய அந்த வெட்டு.