மணமாலைப் படத்தைத் தினமும் திறந்தவர்

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. அப்போது நான் திண்டுக்கல்லில் தனியாக இருந்தேன், இப்போதும் அப்படித்தான். சென்னையில் இணையதளங்களுக்கு எழுதித் தரும் வேலையில் இருந்தவள், அப்பாவுக்கு முடியாமல் போனதும் ஊருக்கு வந்துவிட்டேன். ஒரே வருடத்தில் அவரும் போய்விட்டார். திரும்பிப் போகவும் மனமில்லை, இங்கே பேச்சுக்கு ஆளும் இல்லை. கல்யாணம் ஆகாத முப்பத்தெட்டு வயதுப் பெண்ணிடம் அக்கம்பக்கத்தார் வாசலில் நின்று நன்றாகத்தான் பேசுவார்கள். உள்ளே வந்து உட்கார மாட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு வலைப்பூ தொடங்கினேன். எங்கள் பக்கம் கல்யாணத் தொழிலில் சின்ன ஆட்கள் நிறைய. மாலை கட்டுகிறவர், மணவறை போடுகிறவர், தொப்பம்பட்டிப் பக்கத்து மேளக்காரர்கள், மருதாணி வைக்கும் ஓர் அக்கா. எல்லாவற்றையும் மொத்தமாகச் செய்துதரும் பெரிய ஆட்கள் வந்த பிறகு இவர்களுக்கு வேலை குறைந்துவிட்டது. போனில் தேடினால் இவர்கள் பெயரே வராது. ஆளுக்கு ஒரு பக்கம் எழுதி, படமும் நம்பரும் போட்டால் தேடுகிறவர் கண்ணில் படுவார்களே என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், நாலு பேரிடம் போய்ப் பேச எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது.

முதலில் எழுதியது பூ மார்க்கெட் பக்கத்தில் மாலை கட்டும் அண்ணனைப் பற்றி. பழைய படம் இருந்தால் அனுப்புங்கள் என்றேன். போனில் இருந்ததையெல்லாம் அள்ளி அனுப்பிவிட்டார். அதில் ஒன்று என்னைப் பிடித்து நிறுத்தியது. ஒரு சின்னக் கோயில். மாப்பிள்ளை தலையைக் குனிந்து நிற்க, மாலையைத் தூக்கியபடி பெண் சிரிக்கிறாள். அவள் கழுத்தில் சம்பங்கியும் ரோஜாவும் நடுநடுவே மரிக்கொழுந்தும் வைத்துக் கட்டிய மாலை. பின்னால் இரண்டு மூன்று நண்பர்கள் மட்டும். மண்டபமும் இல்லை, விளக்குத் தோரணமும் இல்லை. அதனாலேயே மாலை பளிச்சென்று தெரிந்தது. அதையே முதல் படமாகப் போட்டேன். அந்தப் பெண் யார், அவளைக் கேட்க வேண்டாமா என்ற யோசனையே எனக்கு வரவில்லை.

இரண்டு மாதம் எழுதியும் யாரும் படித்த மாதிரி தெரியவில்லை. எந்தப் பக்கத்தை எத்தனை முறை திறந்தார்கள் என்று காட்டும் கணக்கில் எல்லாவற்றுக்கும் பூச்சியம்தான். மாலைப் பக்கம் மட்டும் விதிவிலக்கு. தினமும் மதியம் ஒரு மணிக்கு மேல் யாரோ அதைத் திறந்தார்கள். ஐந்து முறை, ஆறு முறை, சில நாள் பத்து முறை. யாரென்று தெரியாது. ஆனாலும் நான் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அந்த எண் கூடுவதைப் பார்ப்பேன். யாரோ என்னோடு சாப்பிட வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும். இதை யாரிடமும் சொல்ல வெட்கமாக இருந்தது.

ஒருநாள் பெருமையோடு அண்ணனிடம் போய், "உங்க பக்கத்த ஒருத்தர் தினமும் பாக்குறாருண்ணே, பெரிய ஆர்டரா வரும் பாருங்க" என்று போனை நீட்டினேன். அன்றுதான் அவர் அந்தப் பக்கத்தையே பார்த்தார். கையிலிருந்த நார் அப்படியே நின்றது.

"ஏம்மா, இந்தப் படத்தையா போட்டீங்க? இது வீட்டுக்குத் தெரியாம நடந்த கல்யாணம்மா. பய வேற ஆளுக. பொண்ணு வீடு குஜிலியம்பாறைப் பக்கம். அவுக அப்பன் எங்கெங்கயோ தேடுனான். இதுக ரெண்டும் ஊரவிட்டே போயிருச்சுக."

 அந்த இடத்திலேயே நின்று படத்தை எடுத்தேன். எடுத்து என்ன? யாரோ இத்தனை நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே! இதுபோன்ற கல்யாணங்கள் எப்படியெல்லாம் முடிகின்றன என்று நாம் படிக்காததா? அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் மதியம், வலைப்பூவின் அடியில் நான் போட்டிருந்த என் நம்பருக்குப் போன் வந்தது. தெரியாத நம்பர்.  ஒரு பெண் குரல்.

"தாயி, அந்த மாலைப் படத்த எடுத்துட்டீங்களா?"

யார் நீங்கள் என்று கேட்டேன். என் குரல் எனக்கே முரட்டுத்தனமாகக் கேட்டது.

"அது எம் மக. அண்ணன் மகன் கல்யாணத்துக்கு மாலை பாக்கச் சொன்னாங்க. போன்ல வாயால சொன்னாத் தேடித் தருதுல்ல, அப்படிப் பாத்தேன். எம் மக நிக்கிறா. அவ கல்யாணத்த நான் அதுலதான் பாத்தேன். அவரு சாப்பிட்டுத் தோட்டத்துக்குப் போனப்புறம் செத்த நேரம் பாப்பேன். இன்னைக்குக் காணோம்."

நம்பலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. யாராவது ஒரு பெண்ணைப் பேசவிட்டு விலாசம் வாங்கப் பார்க்கலாம். உங்கள் மகள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது என்றேன்.

"சொல்லாதீங்க தாயி. தெரிஞ்சா எம் வாயில நிக்காது. ஒன்னே ஒன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. அந்த மாலையில மரிக்கொழுந்து இருந்துச்சு. சின்னதுலேர்ந்து அவளுக்கு அது பட்டாத் தடிச்சிரும். கழுத்து தடிச்சுச்சா?"

நான் பதில் சொல்வதற்குள், "அவரு வாராரு" என்று வைத்துவிட்டார்.

உடனே அண்ணன் கடைக்கு ஓடினேன். அவரிடம் மாப்பிள்ளையின் நம்பர் இருந்தது. அவரே கூப்பிட்டு, விஷயத்தைச் சொல்லி, அந்தப் பெண்ணிடம் பேச வைத்தார். முதலில் மன்னிப்புக் கேட்டேன். 

"என்னையக் கேக்காம எம் படத்த எப்படிக்கா போட்டீங்க? இன்னைக்கு வரைக்கும் நாங்க ஒரு போட்டோகூட ஸ்டேட்டஸ்ல வச்சதில்ல. அம்புட்டுப் பயந்து பயந்து இருக்கோம்."

 நல்லது செய்கிறேன் என்ற நினைப்பிலேயே இருந்த எனக்கு அந்தக் கேள்வி அறைந்த மாதிரி இருந்தது. திட்டட்டும் என்று காத்திருந்தேன். அவள் திட்டவில்லை. கூப்பிட்டது அம்மாதான் என்று எப்படித் தெரியும் என்று மட்டும் கேட்டாள். மரிக்கொழுந்து விஷயத்தைச் சொன்னேன்.

 மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"தடிச்சுச்சு, மூணு நாள் இருந்துச்சுன்னு சொல்லுங்கக்கா." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "இல்ல, வேணாம். நம்பரக் குடுங்க, நானே சொல்றேன்" என்றாள். எந்த நேரத்தில் கூப்பிட வேண்டும் என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த வீட்டில் அப்பா எப்போது தோட்டத்துக்குப் போவார் என்று அவளுக்குத் தெரியாதா?

அதன்பிறகு அந்த அம்மா என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டிய தேவையும் இல்லையே. அவர் நம்பர் என் போனில் இருக்கிறது; நானும் கூப்பிட்டதில்லை. சில நாள் பழக்கத்தில் மதியம் அந்தக் கணக்கைத் திறந்து பார்ப்பேன். பூச்சியம் என்று இருக்கும். சந்தோஷமாகத்தான் இருந்தது, ஆனால் சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்துவிட்டு எழுந்துவிடுவேன்.

ஆறேழு மாதம் கழித்து அண்ணன் சொன்னார். கண் ஆஸ்பத்திரிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு அந்த அம்மா பஸ் ஏறி மகளைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாராம். அப்பாவுக்கு இன்னும் தெரியாது.

வலைப்பூ இன்றும் நடக்கிறது. ஒட்டன்சத்திரம், பழனி என்று அண்ணனைத் தேடி ஆர்டர்கள் வருகின்றன. மருதாணி அக்காவுக்கும் கை ஓயவில்லை. இப்போது படத்தில் இருக்கும் ஒவ்வொருவரையும் கேட்டுத்தான் போடுகிறேன். பலர் வேண்டாம் என்கிறார்கள். அந்தப் பக்கங்களில் ஆளில்லாமல் மாலையும் மணவறையும் மட்டும் நிற்கும். தினமும் அந்தப் படத்தைத் திறந்தது ஒரு தாய் என்பதால் இது நல்லபடியாக முடிந்தது. வேறு யாராவதாக இருந்திருந்தால் என்ற நினைப்பில், சம்மதம் வாங்கிய படத்தைப் போடும்போதுகூட என் விரல் இன்றைக்கும் ஒரு கணம் தயங்கி நின்றுவிடுகிறது.