எழிலரசி வெட்டிய கதவு

எழிலரசி ஒரு மருந்துக் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருபது வருஷமாக வேலை பார்ப்பவள். எதையும் எழுதி வைத்து, டிக் அடித்து, கையெழுத்துப் போட்டால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். பிளெய்ன்ஸ்பரோ ஊரில் இருக்கும் அந்த ஆபீஸில் அவள் மேஜைக்கு ஃபைல் போகிறது என்றாலே பாதிப் பேர் அதை இன்னொரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். அப்பேர்ப்பட்டவள் ஒரு சனிக்கிழமை காலை, பிரிட்ஜ்வாட்டரில் தன் வீட்டு வாசலில் நிற்கும் டிரெய்லரின் சுவரை வெட்ட மின்ரம்பத்தோடு நின்றாள்.

எல்லாம் கணவர் நஞ்சுண்டனின் முதுகால் வந்தது. காருக்குப் பின்னால் இழுத்துப் போகிற அந்தச் சின்ன நடமாடும் வீட்டில் அடுப்பு, நாற்காலி, இட்லிப் பானை எல்லாம் கட்டிலுக்கு அடியில்தான். எடுக்க வேண்டுமானால் மெத்தையோடு பலகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே குனிய வேண்டும். போன குளிர்காலத்தில் முதுகில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவர் குனியவே கூடாது என்பது டாக்டர் உத்தரவு. எழிலரசி தானே எடுத்துத் தருவதாகச் சொல்லியும் மனுஷன் கேட்கவில்லை.

"நீ தூக்குவ, நான் வேடிக்கை பாக்கறதா? வித்துரலாம் எழில்" என்றார்.

பக்கத்து ஊரான எடிசனிலிருந்து, தெரிந்தவர் பிச்சுமணி ஞாயிற்றுக்கிழமை வண்டியைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. எழிலரசிக்கு மனசே ஆறவில்லை. வாரமெல்லாம் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டுகிற மனுஷன் வாய்விட்டுச் சிரிப்பதே அந்த வண்டியில் கிளம்பும்போதுதான். அதை விற்க விடுவாளா?

வெளியே நின்றபடியே திறக்கிற மாதிரி, கட்டிலடிக்கு நேராக, இடுப்பு உயரத்தில் சுவரில் ஒரு சின்னக் கதவு வைத்துவிட்டால் போதும். வீடியோக்களாகப் பார்த்துப் பதினான்கு பக்கத்துக்குத் திட்டம் எழுதினாள். சுவருக்குள் ஒயர் ஓடவில்லை என்று உறுதி செய்துகொண்டாள். மூன்று முறை அளந்தாள்.

"தப்பா வெட்டிட்டா பிச்சுமணியும் வாங்க மாட்டாரு" என்றார் நஞ்சுண்டன்.

"அப்ப நம்மகிட்டயே இருக்கட்டும். நீங்க தள்ளி நில்லுங்க."

கோடு பிசகாமல் வெட்டினாள். சதுரத் துண்டு புல்லில் விழுந்ததும் இரண்டு பேரும் குழந்தைகள் மாதிரி கை தட்டினார்கள்.

புது வாசல் ஆயிற்றே! சமையலறைக்கு ஓடிப்போய் மஞ்சளைக் குழைத்து வந்து, வெட்டிய இடத்தைச் சுற்றி நாலு பக்கமும் மங்களகரமாகப் பூசிக் குங்குமம் வைத்தாள். அதன் மேல் தண்ணீர் புகாமல் அடைக்கும் பசை டேப்பை ஒட்டி, கதவுச் சட்டத்தை வைத்துத் திருகினாள். நஞ்சுண்டன் வெளியே தண்ணீர் ஹோஸைப் பிடித்து நிஜ மழை மாதிரி அடித்தார். எழிலரசி உள்ளே பலகையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தாள்.

ஒழுகியது. அதுவும் மஞ்சளாக.

ஒட்டும் இடம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று ஒன்பதாம் பக்கத்தில் அவளே எழுதி, அவளே டிக் அடித்திருந்தாள். மஞ்சள் பூசிய சுவரில் எந்த டேப் ஒட்டும்? தலையில் அடித்துக்கொண்டு வெளியே வந்து விஷயத்தைச் சொன்னாள்.

"ஆபீஸ்ல தப்பு நடந்தா எழுதுவியே, அந்த டீவியேஷன் ரிப்போர்ட் எழுதிரு எழில். மூல காரணம், மஞ்சள்!" என்றார் நஞ்சுண்டன். சிரித்த சிரிப்பில் முதுகு வலித்து, முதுகைப் பிடித்துக்கொண்டும் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு அவளுக்கு உடம்பெல்லாம் தெம்பு வந்தது.

எல்லாவற்றையும் கழற்றி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, புது டேப் ஒட்டி மறுபடி மாட்டினாள். குங்குமம் இந்தத் தடவை கதவின் மேல் மட்டும். கால் மணி நேரம் தண்ணீர் அடித்தும் உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை.

மறுநாள் பிச்சுமணி வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"சூப்பரா மெயின்டெய்ன் பண்ணிருக்கீங்க சார். எப்ப எடுத்துக்கட்டும்?"

நஞ்சுண்டன் புதுக் கதவைத் திறந்து, நின்ற இடத்திலிருந்தே ஒரு நாற்காலியை உருவி விரித்துப் போட்டார். பிறகு இன்னொன்று. பிறகு மூன்றாவது. ஒரு முறைகூட அவர் குனியவில்லை.

"உக்காருங்க பிச்சுமணி. காபி சாப்பிடலாம், டிபன் சாப்பிடலாம். வண்டிய மட்டும் கேக்காதீங்க."

எழிலரசி காபி போடுகிற சாக்கில் உள்ளே ஓடிப்போய், பால் பொங்குகிற வரைக்கும் நன்றாக அழுதாள்.