என்னை யாரும் இடிக்காத மைதானம்

அலோன் துறைமுகக் கிடங்கில் நான் தலைமைக் குமாஸ்தாவாக இருந்தபோது மேலாளராக ஓர் ஆஸ்திரேலியர் வந்தார். தன் ஊரில் பந்தாடி, முழங்கால் போனதும் பயிற்சியாளரானவராம். ரங்கூனுக்கு வந்தும் அந்தப் பழக்கம் விடவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் மூட்டை தூக்கும் ஆட்களைக் கிடங்குக்குப் பின்னால் கூட்டி, முட்டை வடிவத்தில் ஒரு பந்தைக் கொடுத்தார். உதைக்கலாம், பிடிக்கலாம், பந்து வைத்திருப்பவனை இடித்துச் சாய்க்கலாம். மூட்டைக்குக் கீழே நசுங்கியது போதாதென்று இது வேறு.

நாற்பது தாண்டிய வயது, லுங்கி முடிச்சு நிற்காத தொந்தி. இவ்வளவையும் வைத்துக்கொண்டு அந்த அணியின் நட்சத்திரம் நான்தான். பந்தோடு நான் ஓடினால், "சயா, சயா" என்று மரியாதையாகக் கூப்பிட்டபடியே அத்தனை தடியன்களும் சிதறினார்கள். என் வேகம் என்று நினைத்தேன். பயிற்சியாளரும் நினைத்தார், பாவம். "உன்னை ஒருவனாலும் பிடிக்க முடியவில்லையே" என்று என்னையே கேப்டனாக்கினார். மனைவியிடம் சொன்னேன். மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் எங்கள் தெரு முழுக்க அவள் சொன்னாள்.

வேறு அலுவலக வெள்ளைக்காரர்களோடு முதல் ஆட்டம். தெருவே வந்து ஓரத்தில் உட்கார்ந்திருந்தது. பந்து என்னிடம் வந்ததும் வழக்கம்போல நெஞ்சை நிமிர்த்தி ஓடினேன். நான் யாரென்று தெரியாத ஒரு செம்பட்டைத் தலையன் எதிரே வந்தான். அப்புறம் வானம் தெரிந்தது. அப்புறம் சேறு.

தூக்கிவிட்டவன் எங்கள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் தமிழ்ப் பையன்.

"என்னடா இப்படி இடிக்கிறான்?"

"ஆட்டமே அதான் அண்ணே."

"நீங்க ஒருத்தனும் இடிச்சதில்லையேடா?"

"லீவு சீட்டுல கையெழுத்துப் போடுறது நீங்கதானே. உங்கள இடிச்சுட்டு திஞ்சான் திருவிழாவுக்கு எவன் ஊருக்குப் போறது?"

பயிற்சியாளர் என்னை வெளியே அழைத்து, தோளில் தட்டி, "இனிமேல் நீ எனக்கு உதவிப் பயிற்சியாளர்" என்றார். அவரையும் அவர் ஊரில் இப்படித்தான் அழைத்துத் தட்டியிருப்பார்கள் என்று அப்போதுதான் உறைத்தது.

மனைவியிடம் போய், "முழங்கால்" என்றேன்.

"வாயில சேறு இருக்கு, துடைங்க" என்றாள்.

நான் இல்லாமலும் அன்று கேவலமாகத் தோற்றோம். அதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

அடுத்த சனிக்கிழமை, பயிற்சியாளராக என் முதல் உத்தரவு: "என்னை இடிக்காதவனுக்கு லீவு கிடையாது." பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். வரிசையில் வந்தார்கள், அதுவும் வயதில் மூத்தவன் முன்னால். ஒவ்வொருவனும் கைகூப்பி, "கடோபா, சயா" என்று மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் என்னைச் சாய்த்தான். இவ்வளவு மரியாதையாக அடி வாங்கிய பயிற்சியாளர் அந்த ஆட்டத்தின் சரித்திரத்திலேயே இருக்க முடியாது.

கடைசியாக ஃபோர்க்லிஃப்ட்காரன். மன்னிப்பும் இல்லை, கும்பிடும் இல்லை. நேராக வந்து வீழ்த்தினான்.

"உனக்குக் கைகூப்பத் தெரியாதாடா?" என்றேன், சேற்றில் கிடந்தபடி.

"போன தீபாவளிக்கு லீவு கேட்டேன்ல அண்ணே" என்றான். நான் எழுந்து நிற்கும்வரை பொறுமையாகக் காத்திருந்து, மறுபடியும் வந்தான்.