விளக்கு வைத்த நேரத்துப் பதில்

வில்லாபுரத்துக்குத் தெற்கே, நகரம் மூச்சு வாங்கி நிற்கிற இடத்தில் அந்தத் தெரு. ஒரு புறம் கருவேலம், மறுபுறம் புழுதி. முனை திரும்பினால் ஆழ்துளைக் கிணறு போட்ட மாடி வீடுகள். எந்தத் தெருவில் தண்ணீர்த் தட்டுப்பாடு என்று மதிப்பிட்டுச் சொல்வது எங்கள் அலுவலகத்தின் வேலை. நாங்கள் சொன்ன தெருவுக்குத்தான் கோடையில் தண்ணீர் லாரி போகும்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். மாவட்டம் பெரிய பானை, எப்படியோ பதம் தெரிந்துவிடும். தெரு அப்படியில்லை. விசாரிக்க வாய்ப்பதே ஓரிரு வீடு. குறையை ஈடுகட்டப் பக்கத்துத் தெருக்களின் நிலவரத்தை இரவல் வாங்கிச் சேர்த்துக் கணக்கிடுவோம். அடியில் தீய்ந்து மேலே அரிசியாக நிற்கும் பானையில் எந்தச் சோற்றை நசுக்குவது?

அந்தத் தெருவில் ஒரு வீடு பூட்டிக் கிடந்தது. இன்னொரு வீடு ‘தண்ணீர் இருக்கிறது’ என்றது. மாடி வீடுகளின் நிலவரமும் சேர்ந்துகொள்ள, காகிதத்தில் தெரு நனைந்துவிட்டது. லாரி வரவில்லை. மனு வந்தது. பார்த்துவரப் போனேன்.

மனு எழுதியவளே அந்த இன்னொரு வீட்டுக்காரி. மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள், நிறைமாதம். வாசலில் குடங்கள் கவிழ்ந்து கிடந்தன.

“நீங்கதானம்மா இருக்குன்னு சொல்லியிருக்கீங்க?”

“வெள்ளிக்கிழமண்ணே. அப்பத்தான் விளக்கு வச்சேன். ஒங்க ஆபீஸ்லருந்து வந்த பிள்ள வாசல்ல நின்னு, வீட்டுல தண்ணி இருக்கான்னு கேக்குது. விளக்கு எரியயில வாயத் தொறந்து இல்லைன்னு சொல்லுவாகளா?”

சொல்லமாட்டார்கள். என் வீட்டிலும் அந்த நேரத்தில் உப்பு தீர்ந்தால்கூட அந்தச் சொல் நிலைப்படி தாண்டாது. வேலைக்குப் போனவர்கள் வீடு திரும்பும் நேரம் என்றுதான் எங்கள் ஆட்களைச் சாயங்காலத்தில் அனுப்புகிறோம். வீடுதோறும் சுடர் அசைய, அதன் முன்னால் நின்று குறை கேட்டிருக்கிறோம்.

அலுவலகத்தில், கணக்குப் போடும் நண்பனிடம் அந்தப் பதிலைத் திருத்தச் சொன்னேன்.

“திருத்தலாம் மாப்ள. வெள்ளிக்கிழம சாயங்காலம் கேட்ட மத்த வீட்ட என்ன செய்வ? நீ பாத்த பொம்பளைக்கு ஒரு நியாயம், பாக்காதவளுக்கு ஒரு நியாயமா?”

“அப்ப எல்லா வீட்டுலயும் திரும்பக் கேப்போம்.”

“கேளு, கேளு. வெயிலு ஒனக்காக ஓரமா ஒக்காந்திருக்கும்.”

அவன் சொன்னதில் பிழை இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. இரக்கப்பட்டு ஓர் எண்ணைத் தொட்டால், பிறகு எந்த எண்ணையும் எவரும் நம்பத் தேவையில்லை. இனி விளக்கு வைக்கும் நேரத்தில் கேட்கக்கூடாது என்று எழுதிக் கொடுத்தேன். ஏற்றுக்கொண்டார்கள், அடுத்த கோடைக்கு. வயிற்றுப் பிள்ளை அதுவரை காத்திருக்குமா?

மறுபடி போனேன், அலுவல் ஏதுமில்லாமல். உச்சி வெயில். லாரி அந்தத் தெருவைக் கடந்து வேறெங்கோ போனது. அது சிந்திய தண்ணீரைப் புழுதி சட்டென்று குடித்தது.

அவள் என்னைப் பார்த்ததும் நடுத்தெருவில் வந்து நின்றாள்.

“இப்பச் சொல்றேண்ணே. வெள்ளியுமில்ல, விளக்கும் எரியல. இல்ல. சொட்டுத் தண்ணி இல்ல. எழுதிக்கங்க.”

கை தானாகப் பேனாவுக்குப் போனது. எதில் எழுத?

மகள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு சிரித்தாள். “அவரு எழுதுனா கொடம் நெறஞ்சிருமாக்கும்? நீ வாம்மா.”

ஆளுக்கொரு குடம் எடுத்தார்கள். மகள் கையிலிருந்ததை நான் வாங்கிக்கொண்டேன். முனை திரும்பி முதல் மாடி வீட்டுக் கதவைத் தட்டினோம். எங்கள் கணக்கு இரவல் வாங்கிய வீடுகளில் அதுவும் ஒன்று.

“கரண்டு போயிருச்சு, மோட்டார் ஓடாது,” என்றது உள்ளிருந்து ஒரு குரல். “தண்ணி இல்ல.”

பட்டப்பகல். கூசாமல் சொன்னார்கள். கதவோரம் இருந்த துண்டு நிழலை மகளுக்கு விட்டுவிட்டு, கரண்டு வரட்டும் என்று நானும் அவளும் வெயிலில் நின்றோம்.