தலவாக்கலையில் விற்காமல் போன பெட்டிக் கார்

காலை எட்டு மணிக்கு இலங்கை மலையகத்தின் ஹட்டன் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. நான் போக வேண்டிய நுவரெலியா சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர். பஸ்ஸில் போனால் சில்லறைக் காசோடு முடிந்திருக்கும். ஆனால் வாடகைக் கார்களின் வரிசையில் கடைசியாக நின்ற ஒன்றைப் பார்த்ததும் என் கால்கள் தாமாக அந்தப் பக்கம் போயின.

சதுரமான கார். நான்கு பக்கமும் தட்டி நிமிர்த்திய தகரப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் இதே உருவத்தைப் பதினொரு வருடம் விற்றவன் நான். திருச்சிக்காரனான நான் கலிபோர்னியாவில் கார் விற்கப் போனது தனிக் கதை, அது இங்கே வேண்டாம். பெரிய ஜப்பான் கம்பெனி ஒன்று, வாலிபர்கள் தன் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை என்று கவலைப்பட்டு, அவர்களுக்காகவே தனிப் பெயரும் தனிச் சின்னமும் வைத்து இந்தப் பெட்டியை அங்கே இறக்கியது. பெயரை எழுதினால் விளம்பரமாகிவிடும். காது கிழியும் பாட்டு, ஒரே விலை, பேரமே கிடையாது. பேரம் பேசாமல் கத்தரிக்காய்கூட வாங்காத ஊரில் பிறந்த எனக்கு அந்த வேலை! பதின்மூன்று வருடத்தில் அந்தப் பெயரை மூடி, மிச்சமிருந்த மாடல்களைத் தாய்க் கம்பெனி தன் பெயருக்குள்ளேயே சேர்த்துக்கொண்டது. இலங்கையில் ஓடும் பெட்டிகளுக்கு முதலிலிருந்தே தாய்க் கம்பெனியின் பெயர்தான்.

“ஏறுங்க சேர், தல இடிக்காது” என்றது ஒரு குரல். ஓட்டுநர் ஒரு பெண். யோகேஸ்வரி, முப்பது வயதிருக்கும், கொட்டகலைப் பக்கத் தோட்டத்தில் வீடு. எட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் கேட்டாள். பேரம் பேசினேன். எட்டாயிரத்துக்கு வந்தாள், ஆனால் ஒரு நிபந்தனை வைத்தாள்.

“தலவாக்கலையில ஒரு பத்து நிமிசம் நிப்பாட்டுவேங்க. கார ஒருத்தர் பாக்கணுங்கிறாரு. விக்கப் போறேன்.”

கொட்டகலையில் தேநீருக்கு நிறுத்தினோம். ரொட்டியும் கட்டச்சம்பலும் பிளேன்டீயும் இருவருக்குமாக ஐந்நூற்றுச் சொச்சம். சம்பலின் காரத்தில் எனக்குக் கண்ணீர் வழிய, ஏன் விற்கிறாள் என்று கேட்டேன்.

“ஆறு வருசம் கொழும்புல கார்மென்ட்டுல தச்சேன் சேர். அந்தக் காசப் போட்டு, மிச்சத்துக்கு லீசிங் எடுத்து, இத வாங்கினேன். ஊரோட இருந்து பொழைக்கலாம்னுதான். வெளிநாட்டுக்காரங்க வேன் கேக்குறாங்க. நம்ம ஆளுங்க ஆட்டோல போயிறாங்க. ஸ்டாண்டுல பொடியனுங்க இதப் பேக்கரிப் பாண் பொட்டின்னு கிண்டல் பண்றாங்க. இன்னைக்கு வித்துட்டா அடுத்த கெழம திரும்ப கொழும்புதான்.”

அவள் அழவில்லை. ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தோய்த்துக்கொண்டே சொன்னாள். என் கண்ணில் வழிந்ததை எல்லாம் நான் சம்பலின் தலையில் போட்டுவிட்டேன்.

கொட்டகலையைத் தாண்டியதும் பாதை மலையைச் சுற்றிச் சுற்றிப் போகிறது. ஒரு வளைவில் டெவன் அருவி, இன்னும் கொஞ்சம் போனால் செயின்ட் கிளேயர். இரண்டுக்கும் எதிரே சோளம் அவிப்பவர்களும் படம் எடுப்பவர்களும் இருந்தார்கள். மழை விட்டுத் தேயிலைச் சரிவுகள் பளிச்சென்று தெளிந்தன. கொழுந்துக் கூடை சுமந்து பாதையைக் கடந்த பெண்களுக்காக யோகேஸ்வரி காரை நிறுத்தினாள். இருவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சிரித்தார்கள். கொழும்பில் அப்படிக் கூப்பிட யார் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

தலவாக்கலையில் நாங்கள் நின்றது ஒரு துணிக்கடை வாசலில். வாங்க இருந்தவன் கடை முதலாளியின் மகன் பாசில், இருபத்திரண்டு வயது. காரைச் சுற்றி வந்த விதத்திலேயே காதல் தெரிந்தது. “ஸ்பிரிங்க வெட்டி நாலு இஞ்சு கீழ எறக்கணும். பின்னால முழுக்க ஸ்பீக்கர்” என்றான். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னத்தை எடுத்துக் காட்டினான். நான் விற்ற அதே கம்பெனிச் சின்னம்! செத்துப்போன பெயரின் சின்னத்தை இணையத்தில் தேடித் தபாலில் வரவழைத்திருக்கிறான்.

நான் அதை விற்றவன் என்று தெரிந்ததும் பையன் துள்ளினான். “அமெரிக்காவுல எங்களப் போல பொடியன்மார்தானே சேர் இத எடுத்தாங்க?”

யோகேஸ்வரியைப் பார்த்தேன். நான் ஓர் ‘ஆமாம்’ போட்டால் வியாபாரம் முடிந்துவிடும். அவள் விரும்பியது அதைத்தானா என்று எனக்குத் தெரியவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாய் உண்மையைச் சொல்லிவிட்டது.

“பொடியன்கள் வந்து பார்ப்பாங்க தம்பி, பாட்டுப் போட்டுக் கேப்பாங்க. என்கிட்ட வாங்கினதுல பாதிப்பேர் முழங்கால் வலிக்காரங்க. குனியவும் வேண்டாம், ஏறவும் வேண்டாம், அப்படியே உக்காரலாம்னுதான் வாங்கினாங்க.”

பாசிலின் முகம் வாடியது. யோகேஸ்வரி என்னை முறைத்தாள். கடைக்குள்ளிருந்து ஒரு பெரிய சிரிப்பு கேட்டது. பாசிலின் உம்மா, கைத்தடியோடு படியிறங்கி வந்தார்.

“எங்க, ஒருக்கா இருந்து பாப்பம்.” கதவைத் திறந்து, திரும்பி நின்று, நாற்காலியில் அமர்வதுபோல் அமர்ந்தார். கால்களை உள்ளே எடுத்துக்கொண்டார். கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டார். “ஆட்டோல குனிய ஏலா, வேன்ல கால் எட்டாது. இது எனக்கெண்டே செஞ்சது போல ஈக்கிது மகன்.”

“உம்மா, இது எனக்கு வாங்கப் போறது.”

“நீ வெட்டிக் கீழ எறக்கினா நான் எப்பிடி ஏறுற? கடைய விட்டுட்டு நீ எண்டைக்கு என்னக் கிளினிக் கூட்டிப் போன? ஒனக்கு வேற ஒண்டு பாப்பம்.” பிறகு யோகேஸ்வரியிடம் திரும்பினார். “நீங்க ஏன் மகள் இத விக்கிறீங்க?”

“ஹயருக்கு ஆளு வரலம்மா.”

“இண்டைக்கு எனக்கு நுவரெலியாவுல கிளினிக். இந்தச் சேரோட நானும் வாறன். வாடகையப் பேசிக்குவம்.”

பாசில் பாவம். கடைசியில் அந்தச் சின்னத்தை முன்பக்கத்தில் ஒரு நிமிடம் பிடித்துவைத்து, ஒரு படம் மட்டும் எடுத்துக்கொண்டான்.

நானுஓயா வரை உம்மாவின் கைபேசி ஓயவில்லை. கொட்டகலையில் இருக்கும் தங்கைக்கு ஒரு அழைப்பு, ஹட்டனில் இடுப்பு அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட சிநேகிதிக்கு ஒன்று, ஓய்வுபெற்ற ஒரு டீச்சருக்கு ஒன்று. எல்லோரிடமும் ஒரே சேதி: “பொம்பளப் புள்ள ஓட்டுது. மெதுவா ஓட்டுது. கையப் புடிச்சு எறக்கி விடும்.” கடைசிச் சலுகையை யோகேஸ்வரி அறிவிக்கவே இல்லை. ஆனால் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தேன், மறுக்கிற முகமாக இல்லை. எங்கள் கம்பெனி விளம்பரத்துக்குக் கொட்டிய காசுக்கு இந்த உம்மாவை வேலைக்கு வைத்திருக்கலாம்.

நண்பகலில் நுவரெலியா. ஆஸ்பத்திரி வாசலில் உம்மாவைக் கைப்பிடித்து இறக்கி உள்ளே விட்டுவிட்டு வந்தாள் யோகேஸ்வரி. அதற்குள் இரண்டு பேர் நாள் குறித்துவிட்டார்கள். டீச்சர் வெள்ளிக்கிழமை கண்டி போக வேண்டுமாம். இதைக்கொண்டு லீசிங் முழுதாகக் கட்ட முடியுமா என்றால், தெரியாது. அவளுக்கும் தெரியாது. கார் விற்கப் போவோருக்கு அமெரிக்காவில் ஒரு பாடம் சொல்லித் தந்தார்கள்: வாடிக்கையாளரைத் தேடாதே, உருவாக்கு என்று. நானறிய, அவர் தானாக வந்து உட்காருவார். கதவைத் திறந்து வைத்திருந்தால் போதும்.

வாடகையைக் கொடுத்தேன். பேரம் பேசிக் குறைத்த ஐந்நூறையும் சேர்த்தே கொடுத்தேன். அவள் எண்ணிப் பார்க்காமல் பைக்குள் வைத்துக்கொண்டு கைபேசியை எடுத்தாள். கொழும்பில் அவளோடு தைத்த தோழியாக இருக்க வேண்டும்.

“விஜி, போர்டிங்ல எனக்குன்னு ஒரு கட்டில் புடிச்சு வச்சிருக்கேன்னியே... அத வேற யாருக்காவது குடுத்துரு. நான் வரல.”