இருவர் நின்றால் தெரியும் முகம்

சோர்னிட்சா ஸ்லிவென் நகரத்தில் பிறந்து, அதே ஊர்க்காரர்களைத் தொந்தரவு செய்யும் பொருட்களைச் செய்து பிழைப்பவள். அவள் தொழிலுக்கு வாய் வலிக்கும்படி நீளமான பெயர் ஒன்று உண்டு. அவள் அம்மா அதைச் சுருக்கி, "சனங்கள கைபேசி என்ன பாடு படுத்துதுன்னு வேடிக்கை பாக்குற வேலை" என்பாள். கைபேசியை எடுத்தால் கிறீச்சிடும் நாற்காலியை மகள் செய்து வந்தபோது, அம்மா அதில் உட்கார்ந்து சுட்ட குடைமிளகாய்களுக்குத் தோல் உரித்தாள். சத்தமே வரவில்லை. அம்மாவிடம் கைபேசியே கிடையாது.

ஊரில் யாராவது இறந்தால் படம் அச்சடித்த தாளை வீட்டுக் கதவிலும் மரத்திலும் ஒட்டுவார்கள். நாற்பதாம் நாளுக்குப் புதுத் தாள். அதற்குப் பதிலாகப் பேருந்து நிறுத்தத்தில் ஒரு திரை வைக்கலாம் என்று நகராட்சி அந்த வேலையை அவளிடம் கொடுக்க, சோர்னிட்சா அதில் தன் குறும்பைச் சேர்த்தாள். கைபேசியில் மரணச் செய்தியைத் தனியாகப் பார்த்து, மெழுகுவர்த்திப் படத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு நகர்கிறார்களே, தனியாகப் பார்க்கவே முடியாவிட்டால் என்ன செய்வார்கள்? ஒருவர் நின்றால் அவள் திரையில் வெறும் மூடுபனி. இருவர் நெருங்கி நின்றால்தான் இறந்தவரின் முகம் தெளியும்.

ஊர் அவளைத் திட்டித் தீர்த்தது. ரொட்டிக்கடை ஸ்தோய்னா துடைப்பத்துக்குக் கோட்டு மாட்டி, இரண்டாவது ஆளாகக் கொண்டுவந்தாள். திரை ஏமாறவில்லை.

"ஏண்டி, செத்தவங்களப் பாக்க ஜோடி தேடணுமா? நான் விதவைடி!"

"பஸ்ஸுக்கு ஒருத்தர் நிக்கிறாரே, அவரக் கூப்பிடுங்க அத்தை."

"அவனையா? நாளைக்கே எங்க ரெண்டு பேருக்கும் கல்யாணத் தாள் ஒட்டிருவாங்க!"

ஆனாலும் கூப்பிட்டாள். இறந்தவரைப் பற்றி இருவரும் பேசிப் பேசி, அந்த ஆள் பஸ்ஸைத் தவறவிட்டார். சோர்னிட்சா எதிர்ப்பக்கம் நின்று பூரித்துப் போனாள்.

அந்தப் பூரிப்புக்கு ஆயுள் குறைவு. இலையுதிர்காலத்தில் அம்மா இறந்தாள். கைபேசியில் இருந்த குடும்பக் குழுவில் சோர்னிட்சா, "அம்மா போய்ட்டா" என்று எழுதினாள். ஜெர்மனியில் லாரி ஓட்டும் தம்பி பிளாமென் பதிலுக்கு அனுப்பியது அழுகிற மஞ்சள் முகம் ஒன்று. அவ்வளவுதான். அடக்கத்துக்கு வந்தவனிடம் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. "கருவியைக் குறை சொல்லாதீர்கள், அதற்குப் பின்னால் இருக்கும் மனிதரைக் கேளுங்கள்" என்று, தன் பொருட்களைப் பற்றிப் பேசிய மேடைதோறும் சொன்னவள் இவள்தான். சொந்தத் தம்பியைக் கேட்க மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை.

நாற்பதாம் நாள் அம்மா திரைக்கு வந்தாள். சோர்னிட்சா முன்னால் போய் நின்றாள். மூடுபனி. உள்ளே புகுந்து அந்த விதியை மாற்ற அவளுக்கு ஒரு நிமிடம் போதும், மனம் வரவில்லை. ஸ்தோய்னாவை அழைக்கவும் மனம் வரவில்லை. தன் லாரியிலேயே ஊருக்கு வந்து, கல்லறைக்குப் போய்த் திரும்பிய பிளாமென், படையல் கோதுமைக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு தள்ளியே நின்றான்.

"கிட்ட வாடா."

"வந்துட்டேனே."

"இன்னும். அங்க நின்னா பஸ்ஸுக்கு நிக்கிறவன்னு திரை நெனச்சுக்கும்."

"தூரத்த அளந்து வச்சது நீதானேக்கா. கொஞ்சம் தாராளமா வச்சிருக்கலாம்."

தோள்கள் உரசின. அம்மாவின் முகம் தெளிந்தது. திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சோர்னிட்சா கேட்டாள்:

"அந்த மஞ்ச மூஞ்சிய எதுக்குடா அனுப்புன?"

"லாரிய ஓரங்கட்டிட்டு அழுதுட்டிருந்தேன். எழுத்து எதுவும் கண்ணுக்குத் தெரியல. வெரலுக்கு மாட்டுனது அதுதான்."

"ஒரு வார்த்த கூப்பிட்டுப் பேசியிருக்கலாம்ல?"

"நீ கூப்பிட்டியா? அம்மா செத்தத குழுவுல போட்டது யாரு?"

எந்த மேடையிலும் யாரும் அவளிடம் கேட்டிராத கேள்வி. பிளாமென் அவளை அதிகம் தவிக்க விடவில்லை.

"இந்தப் படம் அம்மாவுக்குப் புடிக்காது."

"தெரியும். நல்லதா ஒண்ணு உங்கிட்ட இருக்கா?"

"லாரில இருக்கு. முன்கண்ணாடிக்குக் கீழ ஒட்டியிருக்கேன்."

"போய் எடுத்துட்டு வா."

அவன் நகர்ந்ததும் திரையை மூடுபனி மூடிக்கொண்டது. சோர்னிட்சா அவன் தந்துவிட்டுப் போன கிண்ணத்தோடு, ஒன்றும் தெரியாத அந்தத் திரை முன் தம்பிக்காகக் காத்து நின்றாள்.